ஒரே மேசையில் இரண்டு லாட்

யோகேஸ்வரிக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். சிங்கப்பூர் எல்லைக்கு வடக்கே செனாயில், வீட்டு மின்சாதனங்களுக்கான உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச்சோதனைப் பிரிவு சூப்பர்வைசர் அவள். பத்தொன்பது வயதில் உள்ளே போனவள், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முதலில் அவளைத் திட்டுவார்கள், பிறகு பயப்படுவார்கள். ஒரு வருஷம் போனால் தங்கள் கல்யாண ரவிக்கையைக் கொண்டுவந்து, "தையல் சரியா இருக்கா பாருங்கக்கா" என்று நீட்டுவார்கள். அவள் பார்ப்பாள். சரியாக இருக்காது.

அந்தத் தொழிற்சாலையில் லைன் கிளியரன்ஸ் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு லாட், அதாவது ஒரு தொகுதிச் சரக்கு, முடிந்து அடுத்த லாட் தொடங்குமுன், பழையதில் ஒரு திருகுகூட மேசையில் மிஞ்சியிருக்கக் கூடாது. இரண்டுமே நல்ல சரக்காக இருக்கலாம். ஆனால் இதன் திருகு அதில் போய் உட்கார்ந்தால், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டில் ரைஸ் குக்கர் தீப்பிடிக்கும். இன்னொரு சட்டமும் உண்டு. மேசையைத் துடைத்த ஆளே அதைச் சரிபார்க்கக் கூடாது, வேறொருவர்தான் பார்க்க வேண்டும். துடைத்தவர் கண்ணுக்குத் தன் மேசை எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும்.

இப்படிப்பட்டவள் தைப்பூசம் முடிந்த கையோடு இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாள் என்று தெரிந்தபோது, அவள் குடியிருக்கும் கூலாயில் பாதிப் பேர் மாப்பிள்ளையை நினைத்துத்தான் கவலைப்பட்டார்கள்.

அவளுடைய முதல் கணவர் சதாசிவம், மகள் ஷர்மினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளிலேயே செனாய்ச் சாலையில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் ஒற்றை ஆளாக நின்று மகளைப் படிக்க வைத்து, பினாங்கில் கட்டிக் கொடுத்து, வீட்டுக் கடனையும் அடைத்து முடித்தாள். முடித்துவிட்டுப் பார்த்தால் வீட்டில் பேச ஆளில்லை. அந்தச் சமயத்தில்தான் ஓர் உறவினர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் மனோகரன் அவள் இலையில் ரசம் ஊற்றினார். பாதி இலையில், பாதி அவள் சேலையில்.

மனோகரன் ஸ்கூடாய்க்காரர். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. இரண்டாவது பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் போய் மோட்டாரில் திரும்புவார். கறை பட்ட சேலைக்கு மன்னிப்புக் கேட்க வந்தவர் காப்பி குடிக்கக் கூப்பிடுகிற அளவுக்கு வந்தார். அந்தக் காப்பிக் கடையில், இரண்டு வாய் குடித்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"பேச்சு மேல போறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணுங்க. மூணு வருஷத்துக்கு முன்னால எனக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ரத்தக் குழாய்ல அடைப்பு. வலிச்சா இதுல ஒண்ணை நாக்குக்கு அடியில வெச்சுக்கணும். ஆஸ்பித்திரியில குடுத்தது. இது எங்கிட்ட எப்பவும் இருக்கும்."

தன் குறையைத் தானே எடுத்துக் காட்டுகிற சரக்கை யோகேஸ்வரி அத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. அந்த இடத்திலேயே பாஸ் பண்ணிவிட்டாள்.

ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் மனோகரன் வேறு ஆள் என்பது, கல்யாணமாகி அவர் அவள் வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது. வேலைக்குக் கிளம்பும்போது அந்தப் புட்டியைச் சட்டைப் பையில் வைக்கமாட்டார். குனிந்து காலுறைக்குள் செருகி, மேலே காற்சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார். கம்பெனிக்கு அவருடைய நெஞ்சு வலி தெரியாது. தெரிந்தால் வேலை பர்மிட்டைப் புதுப்பிக்கமாட்டார்கள் என்று பயம். முன்பு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர், முட்டி வலி என்று பொய் சொல்லித்தான் கிடங்குக் கணக்கு வேலைக்கு மாறியிருந்தார்.

"சொல்லிடுங்களேன்" என்றாள் அவள்.

"சொன்னா வேலை போயிடும் லா" என்றார் அவர்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒருவர் பிழைப்பில் கை வைக்கக் கூடாது என்று விட்டுவிட்டாள். வீட்டில் வைக்க இன்னொரு புட்டி வேண்டும் என்று மட்டும் அடம் பிடித்து, ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க வைத்து, சாமி மாடத்துக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தாள்.

அவளை உறுத்தியது வேறொன்று. மனோகரன் ஹாலில் படுத்தார். விடியுமுன்னே கிளம்ப வேண்டும், உன் தூக்கம் கெட்டுவிடும் என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு போனார். முதலில் எத்தனை நல்ல மனிதர் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அதே தலையணை அதே ஹாலுக்குப் போனபோது அவளுக்குள் இருந்த சூப்பர்வைசர் விழித்துக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். கழுத்துச் சுருக்கம், இடுப்புச் சதை, சாயம் போன காதோர முடி. என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. மனசு வலித்தது.

இப்படி இருக்கையில், ஒரு நாள் வேலை விட்டு வந்த மனோகரன் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, "சனிக்கிழமை தங்காக் போலாமா? உனக்குச் சேலை எடுக்கலாம். ராத்திரி லேடாங் மலையடிவாரத்துல ரூம் போட்டிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுக் காது சிவந்துபோய்க் குளிக்கப் போனார். குளியலறைக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலை அவர் முடிக்குச் சாயம் போடச் சலூனுக்குப் போயிருந்தார். யோகேஸ்வரி அவருடைய மோட்டார் ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தாள். துவைக்குமுன் பைகளைத் துழாவுவது அவளுக்குக் கூடப்பிறந்த பழக்கம். உள்பையில், பெட்டியில்லாமல் அட்டை மட்டும், நீல நிற மாத்திரைகள். எதற்கான மாத்திரை என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் பெண்கள், ஆண்கள் படுக்கையறைக்கு வாங்கும் அந்த மாத்திரையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

முதலில், இது யாருக்காக என்று ஒரு பேய் உள்ளே எழுந்தது. உடனே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரசத்தைக்கூட நேராக ஊற்றத் தெரியாத மனுஷன், ரெண்டு வீடு வைத்துச் சமாளிப்பாரா? அப்புறம் மெல்ல மெல்ல விளங்கியது. தங்காக். ரூம். விசில். முடிச் சாயம். எல்லாம் தனக்காகத்தான். ஐம்பதைத் தாண்டிய வயதில் முகம் சூடாவது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்று, அந்த அட்டையைக் கையில் பிடித்தபடி, சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாத்திரையை எங்கே வைப்பது என்று திரும்பியபோது சாமி மாடத் தட்டு கண்ணில் பட்டது. அதில் பழுப்புப் புட்டி. அவள் கையில் நீல அட்டை. இரண்டும் ஒரே மனுஷன் உடம்புக்குள் போகப் போகிற சரக்கு.

அவளுக்கு மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு லாட்டையும் யார் சேர்த்துப் பார்த்தார்கள் என்று கேட்கத் தெரியும். புட்டியைக் கொடுத்த ஆஸ்பத்திரிக்கு நீல மாத்திரை தெரியாது. நீல மாத்திரையைக் கொடுத்தவருக்குப் புட்டி தெரியுமா? அட்டையைத் திருப்பினாள். பின்னால் ஒட்டியிருந்த தாளில் சிங்கப்பூர் கிளினிக் ஒன்றின் பெயர் இருந்தது. சிங்கப்பூர் என்றதும் அவளுக்குக் காலுறை ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் அவர் நெஞ்சு வலியைச் சொல்கிறவர் இல்லை.

முறுக்கு வாங்கி வருகிறேன் என்று அவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டு, புட்டியையும் அட்டையையும் கைப்பையில் திணித்துக் காரை எடுத்தாள். கூலாய் மருந்தகத்துக்குப் போகவில்லை. அங்கே கல்லாவில் இருப்பவள், யோகேஸ்வரியிடம் ஒரு காலத்தில் வேலை பார்த்தவள். சாயங்காலத்துக்குள் செனாய் முழுக்கத் தெரிந்துவிடும். நேரே ஸ்கூடாய்க்கு விட்டாள். பெட்ரோல் காசு போனாலும் மானம் போகக் கூடாதே.

ஸ்கூடாய் மருந்தகத்தில் முகக் கிரீம் வாங்கும் மாணவிகள் கூட்டம். கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டும் சின்னப் பொட்டுமாக ஓர் இளம்பெண். கோட்டில் விசாலி என்று பெயர் இருந்தது. தமிழ்ப் பெண் என்றதும் யோகேஸ்வரிக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு பிரெண்டுக்காகக் கேக்குறேன்மா. இது ரெண்டையும் ஒரே ஆள் சாப்பிடலாமா?"

விசாலி புட்டியைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். முகத்திலிருந்த கடைச் சிரிப்பு போய்விட்டது.

"ஆண்ட்டி, உங்க பிரெண்டு இந்த நீல மாத்திரையில ஏதாவது சாப்பிட்டுட்டாரா?"

"இல்லம்மா. அட்டை முழுசா இருக்கு. இன்னும் தொடல."

"நல்ல வேளை." அவள் கணினியிலும் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுக் கவுண்டருக்கு மேல் குனிந்தாள். "ரெண்டும் நல்ல மருந்துதான் ஆண்ட்டி. ஆனா சேரவே கூடாது. நாக்குக்கு அடியில வைக்கிறது ரத்தக் குழாயை விரிக்கும். இதுவும் விரிக்கும். ரெண்டும் சேர்ந்தா பிரஷர் மடமடன்னு இறங்கிடும். மயங்கி விழுந்தவரு எழுந்திருக்காமலே போகலாம்."

"வேற வேற நேரத்துல சாப்பிட்டா?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நீல மாத்திரை போட்டா சீக்கிரம் உடம்பை விட்டுப் போகாது. அதுக்குள்ள நெஞ்சு வலிச்சா இந்தப் புட்டியை அவரு திறக்கவே முடியாது. அவரைக் காப்பாத்துற மருந்தே அவரைக் கொன்னுடும். நெஞ்சு எப்ப வலிக்கும்னு உங்க பிரெண்டுக்கு முன்கூட்டியே தெரியுமா?"

யோகேஸ்வரியின் கண் முன்னால் அந்த ராத்திரி விரிந்தது. லேடாங் அடிவாரம், தெரியாத ஊர், பூட்டிய அறை, அவர் நெஞ்சைப் பிடிக்கிறார், தானே ஓடிப்போய்ப் புட்டியைத் திறந்து, தானே தன் விரலால் அவர் நாக்குக்கு அடியில் அதை வைக்கிறாள். வைத்திருப்பாள். சந்தேகமே இல்லாமல் வைத்திருப்பாள்.

"பிரெண்டு இல்லம்மா" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. "என் புருஷன். என்ன செய்யணும், சொல்லு."

முகக் கிரீம் மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

விசாலி தெளிவாகச் சொன்னாள். நீல மாத்திரை கூடவே கூடாது. அதற்காகப் புட்டியைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது, அது உயிர் காக்கிற மருந்து. இதய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், வேறு வழி இருக்கிறதா என்று அவர்தான் சொல்வார். "வெக்கப்பட ஒண்ணுமே இல்ல ஆண்ட்டி, நிறைய பேர் கேக்குறாங்க. ஒண்ணுதான் புரியல. இதைக் குடுக்குறதுக்கு முன்னாடி எந்த டாக்டரும் ஹார்ட் மருந்து சாப்பிடுறீங்களான்னு கேப்பாங்களே?"

அதே கேள்வியைத்தான் யோகேஸ்வரி, தங்காக் போகும் நெடுஞ்சாலையில் மாச்சாப் ஓய்வுத் தளம் வரைக்கும் வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தாள். காரை அவள் ஓட்டினாள். பக்கத்தில் மனோகரன், மை போன்ற முடியோடு, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார். அந்தப் பாட்டைக் கெடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது. கெடுத்துத்தான் ஆக வேண்டும்.

இருவருக்கும் தேநீர் வந்தது. அவள் மேசையை டிஷ்யூவால் துடைத்தாள். கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து வைத்தாள். பக்கத்தில் நீல அட்டையை வைத்தாள்.

மனோகரனின் முகம் செத்துப்போயிற்று. "ஜாக்கெட்டைத் துழாவினியா?"

"துவைக்கிறதுக்குன்னா துழாவத்தான் செய்வேன்."

"ரெண்டையும் ஒண்ணாப் போட நான் என்ன முட்டாளா? இது வேற, அது வலிச்சாத்தான்." அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இதையெல்லாம் இங்க வெச்சுப் பேசணுமா?"

"இங்கதான் பேசணும். ரூமுக்குப் போயிட்டா நான் பேசமாட்டேன், நீங்களும் பேசமாட்டீங்க." விசாலி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவர் கேட்கக் கேட்கத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டாக்டர் உங்களைக் கேக்கலையா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

மனோகரன் நீல அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"இல்லைன்னுட்டேன்" என்றார். "சத்தியமா ஏன்னு தெரியல, யோகேஸ். அவரு கம்பெனி டாக்டர்கூட இல்ல. வேற கிளினிக். என் பர்மிட்டை அவரு என்ன பண்ணப் போறாரு? ஆனா அந்தப் பக்கம் யாரு உடம்பைப் பத்திக் கேட்டாலும் என் வாய் தானா இல்லைன்னு சொல்லிடுது. வெளிய வந்து மோட்டார்ல ஏறுனப்புறம்தான் தோணுச்சு, இந்த ஆளுகிட்ட ஏன் பொய் சொன்னேன்னு. திரும்பப் போக வெக்கமா இருந்துச்சு."

கத்த வேண்டும் என்று ஸ்கூடாயிலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் யோகேஸ்வரிக்கு வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"சதாசிவம் போனப்ப, லாரி வருதுன்னு முன்னாடியே எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா ரோட்டுக்குக் குறுக்க போயி நின்னிருப்பேன். அது கேட்டாத் தெரியிற விஷயம் இல்ல, மனசைத் தேத்திக்கிட்டேன். இது கேட்டாத் தெரியுதுங்க. ஒரு பொண்ணு கவுண்டர்ல நின்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடுறா. கேட்டாத் தெரியிற விஷயத்துல உங்களைப் பறிகுடுத்தா, நான் எப்படிங்க மனசைத் தேத்துறது?"

மனோகரன் தலை நிமிரவில்லை. சாயம் போட்ட முடிக்குக் கீழே அவர் காது மறுபடியும் சிவந்தது.

"உனக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாதுன்னுதான்..."

"நீங்க ஹாலுல படுக்கிறதுதான் எனக்குக் குறை" என்றாள் யோகேஸ்வரி. "வேற குறை எதுவும் நான் சொல்லலையே. என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சு தெனமும் கண்ணாடி பார்த்துக்கிட்டிருந்தேன். மாத்திரை வேணும்னு கேட்டேனா? பக்கத்துல படுங்க, போதும். மத்ததை டாக்டர் பார்த்துக்கட்டும்."

"அலமாக்" என்றார் மனோகரன், நிஜமாகவே அதிர்ந்துபோய். "உன்னைப் பிடிக்கலைன்னா? அப்புறம் எதுக்கு நான் இந்த முடியெல்லாம்..."

அவர் தலையைத் தொட்டுக் காட்டியதில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். மனோகரனும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே நீல அட்டையை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதைக் கைப்பையின் அடியில் போட்டாள், விசாலியிடம் திருப்பிக் கொடுத்து அழித்துவிடச் சொல்ல. புட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். மேசையை மறுபடி ஒரு தடவை துடைத்துவிட்டு, "நீங்க பாருங்க" என்றாள். அவர் குனிந்து பார்த்து, "கிளியர்" என்றார்.

தங்காக்கில் எடுத்த சேலை பச்சை. கரையில் ஒரு நூல் பிசிறியிருந்ததைக் காட்டிக் கடைக்காரரிடம் விலையும் குறைத்துவிட்டாள். ஞாயிறு இரவு கூலாய் வீட்டில் தலையணை ஹாலுக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் லீவு எடுத்துக்கொண்டு இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதயப் பிரிவில் ஓர் இளம் மலாய்ப் பெண் டாக்டர். வழக்கம் போல் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, வேறு மருந்து ஏதும் எடுத்ததுண்டா, வேறு பிரச்சினை ஏதும் உண்டா என்று கேட்டார். மனோகரனின் வாய் 'இல்லை' சொல்லத் திறப்பதை யோகேஸ்வரி பார்த்தாள். முழங்கையால் இடிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடா, டாக்டர்" என்றார் மனோகரன் மலாயில். இருக்கிறது.

ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சிங்கப்பூர் கிளினிக், அங்கே சொன்ன பொய், முட்டி வலிப் பொய், காலுறை, எல்லாவற்றையும் கொட்டினார். ஹாலும் தலையணையும் வரத் தொடங்கியபோதுதான் யோகேஸ்வரி இடிக்க வேண்டியதாயிற்று. டாக்டர் சிரிக்கவில்லை. மனோகரன் பயந்துகொண்டு கேட்ட விஷயத்துக்கு என்னென்ன சோதனை செய்ய வேண்டும், எதெல்லாம் இவருக்கு ஆபத்தில்லாமல் செய்யலாம் என்று நிதானமாக விளக்கினார். கடைசியில் டாக்டர் சொன்னது ஒன்று மட்டும் இருவர் மனதிலும் நின்றது: நீங்கள் வேலை செய்யும் இடத்தில் விழுந்தால், காலுறைக்குள் யார் தேடுவார்கள்?

மறுநாள் விடியுமுன் யோகேஸ்வரிக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் எழுந்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். புட்டியைக் கையில் எடுத்தார், பழக்கத்தில் குனிந்தார், பாதியில் நின்றார். பிறகு நிமிர்ந்து அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெல்லிய சட்டை. புட்டி புடைத்துக்கொண்டு நின்றது.

"வெளிய தெரியுதுங்க" என்றாள் அவள் படுத்தபடியே.

"தெரியட்டும் லா" என்றார் மனோகரன்.